மூணுவால் இல்லாத தண்ணீர்

போன வாரம் ஐயப்பன்தாங்கலில் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கிறவர் ஒருவர் வந்திருந்தார். கழுத்தில் டை, முதுகில் பை, வாய் ஓயாத பேச்சு. சமையலறை மேடையில் இயந்திரத்தை வைத்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒரு துடை துடைத்துவிட்டு, கண்ணாடித் தொட்டியை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். "நல்லா பாருங்க மேடம். ஒரு பூச்சி பொட்டு கிடையாது. அவ்ளோ சுத்தம்."

நான் ஒரு அடி பின்னால் நகர்ந்துவிட்டேன். அந்த மனிதர் மேல் தப்பே இல்லை. அவர் சொன்ன வார்த்தையும் ஸ்பிரிட் வாசனையும் ஒன்றாக வந்துவிட்டதுதான் வினை. "யோசிச்சு சொல்றேங்க" என்று அவரை அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் பொதுவாகவே பயந்தாங்கொள்ளி. கேஸை மூடிவிட்டோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிற ஜாதி. ஆனால் "பூச்சி இல்லை" என்றால் எல்லாரும் நிம்மதியாகிறபோது நான் மட்டும் ஏன் நடுங்குகிறேன் என்பதற்கு வேறு கதை இருக்கிறது.

ஸ்பிரிட் வாசனை என்றால் எனக்கு அம்பத்தூர்தான். படித்து முடித்ததும் அங்கே ஒரு சின்ன நீர் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு மாடி. கீழே தகடு வெட்டும் பட்டறை. அவர்கள் பிரஸ்ஸை ஓட்டினால் மேலே என் மைக்ராஸ்கோப் குதிக்கும். அதன் கீழே இருக்கிற பூச்சியும் சேர்ந்து குதிக்கும். கீழே சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்திலும் கரண்ட் போகிற நேரத்திலும்தான் எனக்கு உருப்படியாக வேலை நடக்கும். ஊரே மின்வெட்டைத் திட்டிக்கொண்டிருந்தபோது, ஜன்னலோரம் கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்துக்கொண்டு, நான் ஒருத்தி மட்டும் அதை ரசித்திருப்பேன்.

என் வேலை, ஓடை ஏரிகளில் இருக்கிற பூச்சிகளை அடையாளம் காண்பது. முக்கியமாக ஒரே ஒரு பூச்சியை, தண்ணீர் கெட்டால் முதலில் சாகிற பூச்சியை. ஆங்கிலத்தில் மேஃப்ளை என்பார்கள். இறக்கை முளைத்து வெளியே வந்தால் ஒரு நாளோ இரண்டு நாளோதான் ஆயுள். அதற்கு முன்பு வாரக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே சின்ன உருவமாக வாழும். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. பின்னால் முடி மாதிரி மூன்று வால். வயிற்றின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இலை மாதிரி செவுள்கள், படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். காலுக்கு ஒரே நகம். இந்த மூன்றும் இருந்தால் அது அதுதான்.

சொல்வது சுலபம். முதல் வாரம் நான் மூன்று வாலை மட்டும் எண்ணிவிட்டு, கிடைத்ததையெல்லாம் மேஃப்ளை என்று எழுதி வைத்தேன். எங்கள் சார் வந்து குனிந்து பார்த்தார். "இது ஊசித்தட்டானோட குஞ்சும்மா. இதுக்கு வால் இருக்கிற இடத்திலதான் செவுளே. பக்கத்துல ஏதாவது படபடக்குதா பாரு" என்றார். ஒன்றும் படபடக்கவில்லை. என் நெஞ்சுதான் படபடத்தது.

எங்கள் வீடு அப்போது ஆவடியில், அப்பாவின் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அம்மா கடைசிவரைக்கும் ஊர்ப் பேச்சை விடவே இல்லை. "ஏட்டி, பூச்சி பிடிக்கதுக்கா உன்னைய எம்.எஸ்சி. படிக்க வச்சோம்?" என்று தினமும் ஒரு தடவையாவது கேட்பாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் "தண்ணி டெஸ்ட் பண்ற ஆபீஸ்ல இருக்கா" என்று மட்டும் சொல்லி, மேற்கொண்டு யாரும் கேட்பதற்குள் கேசரியை நீட்டிவிடுவாள்.

பூச்சி பிடிக்க நான் தனியாகப் போகவில்லை. கூட வந்தவர் சேகர். ஆய்வகத்தில் மாதிரி எடுத்து வருகிற வேலை அவருக்கு. என்னைவிட நாலைந்து வயது பெரியவர், ஆனாலும் மேடம் என்றுதான் கூப்பிடுவார். கள்ளிக்குப்பத்துக்காரர். கொசுவலைத் துணியில் அவரே தைத்த வலையை நான் ஓடைக்குக் குறுக்கே பிடித்துக்கொள்வேன். அவர் எனக்கு மேல்புறம் நின்று அடிக்கல்லையும் மண்ணையும் காலால் மிதித்துக் கலக்குவார். கலங்கியது எல்லாம் வலைக்குள் வரும். அதை வெள்ளைத் தட்டில் கொட்டி, மண் அடங்குகிறவரை சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பூச்சியைத் தேடினால் கிடைக்காது. அசைவைத் தேடினால் கிடைக்கும்.

போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்பார்கள். "இன்னா அண்ணாத்தே, மீனா?"

"இல்லபா, பூச்சி."

"பூச்சியா? இன்னாத்துக்கு?"

"மேடத்துக்கு" என்று என்னைக் காட்டுவார். எனக்கு வலைக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம் போல இருக்கும்.

மேஃப்ளை என்ற பெயர் சேகரின் வாயில் நுழையவில்லையா, பிடிக்கவில்லையா தெரியாது. அவர் அதற்கு வைத்த பெயர் மூணுவால். ஆய்வகத்தில் எல்லாருக்கும் அது மூணுவாலாகிவிட்டது. ஸ்பிரிட்டில் போட்டால் வழியில் குலுங்கிச் செவுள் உதிர்ந்துவிடும், அதனால் ஆய்வகத்தில் பார்த்து முடித்த பிறகுதான் ஸ்பிரிட். அதுவரை உயிரோடு ஊறுகாய் பாட்டிலில்தான் கொண்டுவருவோம். ஒருமுறை பூந்தமல்லிப் பக்கம் போய்விட்டு வரும்போது வண்டி மக்கர் செய்து, பஸ்ஸில் வர வேண்டியதாயிற்று. நல்ல நெரிசல், வழியெல்லாம் நின்று நின்று வந்தது. வந்து பாட்டிலைத் திறந்தால் ஒரு மூணுவாலையும் காணோம். கொழுத்த தட்டான் குஞ்சு ஒன்று மட்டும் மூலையில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. அவசரத்தில் இரண்டையும் ஒரே பாட்டிலில் போட்டிருக்கிறோம். "மேடம், ரிப்போர்ட்டயே துன்னுட்டான் மேடம்" என்று சேகர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சிரிப்பாக இருக்கிறது இல்லையா? எனக்கும் அப்போதெல்லாம் வேலை சிரிப்பாகத்தான் இருந்தது.

எங்களுக்கு மாதாமாதம் பார்க்கிற ஒரு ஓடை இருந்தது. ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் போகிற கால்வாய், மற்ற மாதங்களில் கசிவாக ஓடும். கள்ளிக்குப்பத்துக்கு அந்தப்பக்கம், சேகரின் வீட்டுக் கொல்லையைத் தொட்டுக்கொண்டு போகும். மேல்புறம் ஒரு சின்னப் பாலம். பாலத்துக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு வரிசைப் பட்டறைகளின் பின்சுவர். நாங்கள் பாலத்தடியில் ஒரு தட்டு எடுப்போம், சேகர் வீட்டுப் பின்னால் ஒரு தட்டு எடுப்போம். இரண்டிலும் பொடியும் பெரிசுமாக மூணுவால்கள் ஓடும். வேலை முடிந்ததும் சேகரின் மனைவி ஜெயந்தி டீ கொண்டுவந்து தருவாள்.

ஜெயந்திக்கு அப்போது ஏழாவது மாதம். அதற்கு முன்னால் இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. இரண்டாவது தடவை ஐந்தாவது மாதத்தில். சேகர் வாயைத் திறந்து அதைப் பற்றிப் பேச மாட்டார். ஆனால் வண்டியில் போகும்போது கோயில் கண்ணில் பட்டால் கை தானாக ஹேண்டிலை விட்டு நெஞ்சுக்குப் போகும். பின்னால் உட்கார்ந்திருக்கிற எனக்கு உயிர் போய் வரும்.

மாசி மாதம் என்று நினைக்கிறேன். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வழக்கம்போலப் பாலத்தடியில் எடுத்தோம். தட்டு நிறைய மூணுவால். பிறகு வீட்டுப் பின்னால் எடுத்தோம். மண் அடங்கியது. பார்த்தோம். ஒன்றும் அசையவில்லை. ஊற்றிவிட்டு மறுபடி எடுத்தோம். இந்தத் தடவை சிவப்புப் புழு ஒன்றிரண்டு நெளிந்தது, அவ்வளவுதான். சேகர் வலையைக் கையால் தடவிப் பார்த்தார், கிழிந்திருக்கிறதா என்று.

"இன்னா மேடம் இது? அங்க அவ்ளோ கீது, இங்க ஒண்ணுமே காணோம்?"

எனக்குத் தெரிந்த நல்ல காரணங்களையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மழை அடித்துப் போயிருக்குமோ? மழையே இல்லை. இறக்கை முளைத்துப் பறந்திருக்குமோ? பெரிசு பறக்கும், பொடிசு எங்கே போகும்? நம் வெயிலுக்கு இதுகள் வருஷம் முழுக்க முட்டையிடும், எப்போது பார்த்தாலும் எல்லா வயசும் கலந்துதான் இருக்கும். பாலத்தடியில் எல்லாம் நலமாக இருக்கிறது. நடுவில் இருப்பது அந்தப் பின்சுவர் மட்டும்தான். சுவரின் அடியில் தரைமட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. பார்க்கக் காய்ந்துதான் இருந்தது. ஆனால் சுற்றியிருந்த கல் பச்சையாகவும் இல்லாமல் நீலமாகவும் இல்லாமல் ஒரு நிறத்தில் இருந்தது.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்குப் பின்னாலேயே இருந்தது. ஓடைக்கரையிலேயே ஜெயந்தி வீட்டுக் கிணறு. ஓடையில் தண்ணீர் ஏறினால் கிணற்றில் ஏறும், இறங்கினால் இறங்கும். அவர்கள் வீட்டில் குடிப்பது அதைத்தான்.

டீயோடு வந்தவளிடம் பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டேன், கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று.

"சூப்பரா கீதுக்கா" என்றாள். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "முன்ன வேட்டித் துணியில வடிகட்டினா நாலஞ்சு மூணுவாலு துள்ளிகினு கெடக்கும். இப்போ பாரு, ஒண்ணு கூட இல்ல. துணி போட்டா மாதிரியே கீது."

நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். சேகர் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஜெயந்தி, கொஞ்ச நாளைக்கு அந்தத் தண்ணி வேணாமே" என்றேன்.

"ஏன்க்கா? லாரித் தண்ணிக்கு தெருமுனை வரைக்கும் கொடம் தூக்கினு போவணும். டாக்டரம்மா வெயிட்டு தூக்காதன்னு சொல்லிக்கீறாங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்போ பூச்சி இருந்துச்சு, ரெண்டும் தங்கல. இப்போ பூச்சி இல்ல. இது தங்கும்க்கா. அம்மன் கிட்ட அப்டித்தான் நெனச்சிகினு கீறேன்."

நான் படித்ததெல்லாம் தண்ணீரைப் பற்றி. அவள் சொன்னது அவள் பிள்ளையைப் பற்றி. பூச்சி போனதை அம்மன் தந்த அடையாளமாக எடுத்துக்கொண்டு, மனசார அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பிடுங்கினால் பதிலுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு சந்தேகம் மட்டும்தான் இருந்தது.

கிணற்றுத் தண்ணீரை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனோம். உப்பு, கடினம், கிருமி எல்லாம் பார்த்தோம். எல்லாம் அளவுக்குள். உலோகம் பார்க்கிற இயந்திரம் எங்களிடம் கிடையாது, வெளியே அனுப்பினால் வர நாளாகும். சார் கெட்டவர் இல்லை. அவருக்கும் கவலைதான். "அனுப்பிடலாம். ஆனா அதுவரைக்கும் நான் என்னன்னு எழுதறது? இருக்கிறதை எழுதலாம். இல்லாததை வச்சு என்னம்மா எழுதறது?" என்றார். நியாயமான கேள்விதான். ராத்திரி தட்டை அப்படியே தள்ளி வைத்தேன். அம்மா வேறு யாரோ பையனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் மத்தியானம் சேகரோடு பாலத்தடிக்குப் போய்த் துடியாக இருந்த மூணுவால்களாகப் பொறுக்கிக்கொண்டு ஜெயந்தி வீட்டுக்குப் போனேன். இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டேன். ஒன்றில் பாலத்துத் தண்ணீர், ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். கிணற்றுத் தண்ணீரில் காற்று குறைவாக இருக்கலாம், அதனால் செத்தால் அது நியாயமில்லை என்று, டீ ஆற்றுகிற மாதிரி இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஆற்றி ஊற்றினேன். ஜெயந்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னாக்கா, பூச்சிக்கு டீயா?" என்றாள். ஒவ்வொன்றிலும் மூன்று மூணுவாலை விட்டேன்.

பிறகு மூன்று பேரும் டம்ளர்களின் முன்னால் உட்கார்ந்தோம். உண்மையைச் சொல்கிறேன், வாழ்க்கையில் அந்த மாதிரி நான் வேண்டிக்கொண்டதே இல்லை. நான் சொன்னது தப்பாகப் போகட்டும், என்னை எல்லாரும் கிண்டல் பண்ணட்டும், வேலைகூடப் போகட்டும், இதுகள் மட்டும் சாகக் கூடாது. ஆறும் ஒரே மாதிரிதான் நீந்தின. ஆறுக்கும் செவுள் படபடத்தது. அடுப்பில் உலை கொதித்தது. ஜெயந்தி எழுந்துபோய் அரிசி போட்டுவிட்டு வந்தாள். அப்போதும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. எனக்கு மூச்சு கொஞ்சம் சீரானது.

முதலில் கவனித்தது ஜெயந்திதான். "க்கா, இது ஏன் மேல வருது?"

கிணற்றுத் தண்ணீரில் ஒன்று நேராக மேலே வந்து, மல்லாந்து, மறுபடி கீழே போனது. செவுள் விட்டு விட்டு அடித்தது. பிறகு இன்னொன்றும் அப்படியே. டம்ளரை லேசாகத் தட்டினேன், ஓடுமா என்று. ஓடவில்லை. சோறு வடிக்கிறதற்குள் மூன்றும் டம்ளரின் அடியில் கிடந்தன. பக்கத்து டம்ளரில் மூன்றும் சுவரைப் பிடித்துக்கொண்டு செவுளை விசிறிக்கொண்டிருந்தன.

சேகர் எழுந்துபோய்க் குடத்திலிருந்த தண்ணீரைக் கொல்லையில் கவிழ்த்தார். பானையைக் கவிழ்த்தார். வடித்த சோற்றையும் கொட்டினார். ஜெயந்தி அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் வயிற்றின் மேல் இருந்தன.

"நான் குடிச்சிட்டேனேக்கா" என்றாள். "இத்தினி நாளா நான் குடிச்சிகினு தானே கீறேன்."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், வெட்கக்கேடு.

அன்று சாயங்காலமே அவளை அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார் சேகர். தெருவுக்கும் வீடு வீடாகச் சொன்னார். சிலர் கேட்டார்கள், சிலர் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று சண்டைக்கு வந்தார்கள். வெளியே அனுப்பிய மாதிரியின் முடிவு மெதுவாக வந்தது. முலாம் பூசுகிற பட்டறைக் கழிவில் இருக்கிற உலோகம், குடிக்கவே கூடாத அளவுக்கு. சார் காகிதத்தை என்னிடம் நீட்டி, "இப்ப எழுதறேம்மா" என்றார். எழுதினார். பிறகு யாரோ அந்த ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள்.

பெண் குழந்தை பிறந்தது. நன்றாக அழுதது, நன்றாகப் பால் குடித்தது. ஆனால் பயம் அத்தோடு போய்விடுமா? குழந்தை குப்புற விழ ஒரு வாரம் தாமதமானால் சேகர் வந்து என் மேஜைக்கு முன்னால் நிற்பார். காய்ச்சல் வந்தால் நிற்பார். பேச்சு வந்த பிறகும், பள்ளிக்கூடத்தில் கணக்கில் மார்க் குறைந்தபோதும்கூட, "அந்த தண்ணியால இருக்குமா மேடம்?" என்று கேட்டார். தெரியாது என்பதைத் தவிர என்னிடம் என்ன இருந்தது?

ஆய்வகம் மூடி வெகு காலமாயிற்று. அந்த மாடியில் இப்போது ஜிம் நடக்கிறது. சேகர் கால் டாக்ஸி ஓட்டுகிறார். மகளை அண்ணனூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தை பிறந்ததும் ஜெயந்தி போன் பண்ணினாள்.

"க்கா, பொண்ணு முழுகாம கீது. அவங்க ஊட்ல போர் தண்ணி. ஒரு மாதிரி பளபளன்னு கீதுக்கா. அன்னிக்கு டம்ளர்ல வுட்டு பாத்தியே, அத ஒரு தபா பண்ணி சொல்லேன்."

பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டேன். புதுசாக ஒரு கொசுவலைத் துணி வாங்கி வலை தைத்தேன். முதலில் எங்கள் பழைய பாலத்துக்குத்தான் போனேன். பாலம் எது என்று கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. ஓடை முழுக்க சிமெண்ட் பலகை போட்டு மூடியிருக்கிறார்கள். மேலே வரிசையாகக் கார் நிற்கிறது. பலகைக்கு அடியில் ஏதோ ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது, கூடவே நாற்றம். ஏரிக்கரைக்குப் போனேன். ஆவடிப் பக்கம் போனேன். பூந்தமல்லி தாண்டி, அன்று பாட்டிலை நிரப்பிக்கொண்டு பஸ் ஏறினோமே, அந்த வாய்க்காலைத் தேடினேன். அது இருந்த இடத்தில் அடுக்குமாடி. தண்ணீர் கண்ட இடத்திலெல்லாம் தட்டை வைத்துக்கொண்டு குந்தினேன். இந்த வயதில் குந்தி எழுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கேயும் சிவப்புப் புழுதான். சில இடங்களில் அதுவும் இல்லை.

போர் தண்ணீரை ஒரு பெரிய ஆய்வகத்தில் கொடுத்து வாங்கினேன். அழகான காகிதம், கலர் அச்சு. எல்லாம் அளவுக்குள் என்று போட்டிருக்கிறது. நேற்று ஜெயந்திக்குப் போன் பண்ணிப் படித்துக் காட்டினேன். எதற்கும் பிரசவம் வரைக்கும் கேன் தண்ணீர் குடிக்கச் சொல் என்றேன்.

"கேன்ல இன்னா கீதுன்னு மட்டும் யாருக்குக்கா தெரியும்? பேப்பர வுடு. மூணுவாலு இன்னா சொல்லுச்சு?"

ஒரு மூணுவால்கூட எனக்குக் கிடைக்கவில்லை என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

"தேடிக்கிட்டிருக்கேன் ஜெயந்தி" என்றேன். அவள் மகளுக்கு இது ஏழாவது மாதம்.